மூன்றாம் நாள் சிஆர்பி: சில குறிப்புகள்

ஆய்வக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் ரிப்போர்ட் பார்ப்பது நிற்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் தெரிந்தவர் வீட்டில் யாருக்கு ரத்தம் எடுத்தாலும் தாள் என் கைக்கு வந்துவிடும். இப்போது தாள்கூட இல்லை, வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. சில காலமாக, உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு லேப்ராஸ்கோப் முறையில், அதாவது சிறு துளைகள் வழியாக, அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் ரிப்போர்ட்டுகளும் வருகின்றன. வீட்டார் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "சிஆர்பி இவ்வளவு ஏறியிருக்கே, ஒண்ணும் இல்லையே?" சிஆர்பி (சி-ரியாக்டிவ் புரோட்டீன்) என்பது அழற்சியின்போது ரத்தத்தில் ஏறும் ஒரு புரதம். அந்தக் கேள்விக்குப் போனில் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

*

முதலில் அறுவை சிகிச்சை எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள வேண்டும். உணவுக்குழாய் ஏறக்குறைய 25 செ.மீ. நீளம். கழுத்தில் தொடங்கி, மூச்சுக்குழாய்க்கும் இதயத்துக்கும் பின்னால் இறங்கி, உதரவிதானத்தைத் தாண்டி இரைப்பையில் சேர்கிறது. அதை எடுக்க வயிற்றிலும் நெஞ்சிலும் வேலை, பலருக்குக் கழுத்திலும். எடுத்த இடத்தில் வைக்கச் செயற்கைக் குழாய் எதுவும் கிடையாது. இரைப்பையையே குறுக்கிக் குழாயாகத் தைத்து, மேலே கொண்டுவந்து, மிச்சமிருக்கும் உணவுக்குழாயோடு இணைக்கிறார்கள். "வயித்தைத் தூக்கி நெஞ்சுல வச்சிருக்காங்க" என்று நம் ஊரில் சொல்வார்கள். அது சரியான விவரிப்புதான்.

பழைய முறையில் விலா எலும்புகளை விரித்து நெஞ்சைத் திறப்பார்கள். பிழைத்து வந்தவர்களுக்கு அந்த வலியே பெரிய எதிரி. வலியால் ஆழ்ந்து மூச்சு விட மாட்டார்கள், இருமிச் சளியைத் துப்ப மாட்டார்கள், நிமோனியா வந்துவிடும். துளை வழி அறுவை சிகிச்சையின் முதல் லாபம் இங்கேதான். வெளியே தெரியும் தழும்பு சின்னதாக இருப்பது அதற்குப் பிறகுதான்.

*

இதில் தமிழ்நாட்டுக்கு ஒரு பங்கு உண்டு. அது நம்மவர்களில் பலருக்குத் தெரியாது. கோவை ஜெம் மருத்துவமனையின் டாக்டர் சி. பழனிவேலுவும் அவர் குழுவினரும், நோயாளியைக் குப்புறப் படுக்கவைத்து நெஞ்சுக்குள் கேமரா வழியாக உணவுக்குழாயைப் பிரித்தெடுக்கும் முறையில் 130 பேருக்குச் செய்த அனுபவத்தை 2006-ல் அமெரிக்க அறுவை சிகிச்சை இதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். குப்புறப் படுப்பதில் என்ன விசேஷம் என்றால், நுரையீரல் தன் எடையாலேயே கீழே சரிந்து வழிவிடும். ஒரு பக்க நுரையீரலை முழுவதும் மடக்கி வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கசியும் ரத்தமும் பார்வையை மறைக்காமல் ஒதுங்கிவிடும். அந்த 130 பேரில் இணைப்பு கசிந்தது 3 பேருக்கு, இறந்தவர்கள் 2 பேர். அந்தக் காலகட்டத்தில் இந்த அறுவை சிகிச்சைக்கு உலகம் எதிர்பார்த்திருந்த எண்ணிக்கைகளோடு ஒப்பிட்டால் இது மிகக் குறைவு. குப்புறப் படுக்கவைத்துச் செய்யும் யோசனையை அதற்கு முன்பே பிரிட்டனில் குஷீரி முன்வைத்திருந்தார். அதைப் பெரிய எண்ணிக்கையில் செய்து, மற்றவர்கள் நம்பும்படி காட்டியது கோவை.

பிறகு நெதர்லாந்து, ஸ்பெயின், இத்தாலி மருத்துவமனைகளில் 115 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்து ஒரு ஆய்வு நடத்தினார்கள். 2012-ல் லான்செட்டில் வந்தது. அதிலும் துளை வழிப் பிரிவினருக்குக் குப்புறப் படுக்கைதான். முதல் இரண்டு வாரத்தில் நுரையீரல் தொற்று வந்தவர்கள், திறந்த முறையில் 100-க்கு 29 பேர், துளை வழியில் 9 பேர். அதே ஆய்வில் சிலருடைய ரத்தத்தைத் தனியே தொடர்ந்து பார்த்தபோது, வெள்ளணுக்களும் இன்டர்லூகின்-8 என்ற அழற்சிப் புரதமும் துளை வழிப் பிரிவில் குறைவாகவே ஏறின. காயம் சிறிதானதை ரத்தமும் உணர்கிறது என்பதற்கு இது சாட்சி.

ஆனால் சிறியது என்றால் இல்லை என்று பொருளல்ல. வெளியே நான்கைந்து துளை. உள்ளே அகற்றியதும் தைத்ததும் அதே அளவு. ரிப்போர்ட்டைப் பார்த்து அஞ்சுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

*

சிஆர்பியை 1930-ல் நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் ஆய்வகத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இருவர் கண்டறிந்தார்கள். நிமோனியா நோயாளிகளின் சீரம், நிமோனியாக் கிருமியின் செல்சுவரிலுள்ள சி என்ற பொருளோடு வினை புரிந்தது. நோய் தணிந்ததும் அந்த வினை மறைந்தது. அதாவது கண்டுபிடித்த நாளிலேயே இது ஏறி இறங்குகிற பொருள் என்று தெரிந்துவிட்டது.

செய்வது கல்லீரல். திசு அறுபட்டதும் அங்கிருந்து இன்டர்லூகின்-6 என்ற தூது கிளம்புகிறது. அது முதல் நாளிலேயே உச்சம் தொட்டுவிடும். கல்லீரல் அந்தத் தூதைக் கேட்டுச் சிஆர்பியை உற்பத்தி செய்யத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்திலேயே ஏற்றம் ஆரம்பம். 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சம். ரத்தத்தில் அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 19 மணி நேரம், நோய் எதுவானாலும் இது மாறுவதில்லை. ஆக, ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: கல்லீரல் இன்னும் எவ்வளவு செய்துகொண்டிருக்கிறது. உள்ளே அழற்சி தணிந்தால் எண் நாளுக்கு நாள் கணிசமாகச் சரியும். தணியாவிட்டால் அப்படியே நிற்கும், அல்லது ஏறும்.

இதைப் புரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். இரண்டாம், மூன்றாம் நாள் உயர்வு எல்லோருக்கும் வரும். நன்றாகத் தேறுகிறவருக்கும் வரும்.

*

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் சிஆர்பிக்கு எண்ணே கிடையாது. கறுப்புக் கண்ணாடித் தகட்டில் சீரம் ஒரு சொட்டு, லேட்டெக்ஸ் ஒரு சொட்டு. குச்சியால் கலக்கி, இரண்டு நிமிடம் தகட்டை ஆட்டிப் பார்ப்போம். மணல் மணலாகத் திரிந்தால் பாசிட்டிவ். லிட்டருக்கு 6 மில்லிகிராமைத் தாண்டினால்தான் திரியும். டாக்டர் அளவு கேட்டால் சீரத்தை உப்புநீரில் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியாகத் திரிந்த படியை ஆறால் பெருக்குவோம். 12, 24, 48, 96, 192. படிகளுக்கு நடுவில் இருப்பது எதுவும் தெரியாது. 100-லிருந்து 180-க்கு ஏறினாலும், 180-லிருந்து 100-க்கு இறங்கினாலும் தகடு அதே 96-ஐத்தான் காட்டும். இப்போதைய இயந்திரம் அந்த நடுவெளியைச் சொல்கிறது. உணவுக்குழாய் அறுவை சிகிச்சை நோயாளிக்கு அந்த நடுவெளிதான் எல்லாம்.

*

திருவானைக்காவலைச் சேர்ந்த ஒரு பெண்மணி, கணவருக்கு அறுவை சிகிச்சை ஆகி, வெளியூர் ஆஸ்பத்திரியிலிருந்து ராத்திரி போன் செய்தார். கணவர் காந்தி மார்க்கெட்டில் வாழைக்காய் வியாபாரம்.

"அண்ணே, நூத்தி எண்பத்தி நாலுன்னு போட்டிருக்கு. பக்கத்துலயே அஞ்சுக்குள்ள இருக்கணும்னு இருக்கு. கொரோனா சமயத்துல நூறைத் தாண்டினதுக்கே எங்க மாமாவ ஐசியூவுல வச்சாங்களே."

"ஆபரேஷன் ஆகி எத்தனாவது நாள்மா?"

"மூணாவது நாள்ணே."

"நேத்து எவ்வளவு?"

"எரநூத்திப் பத்து."

"ஜுரம் இருக்கா? மூச்சு வாங்குதா?"

"ஜுரம் இல்ல. காலையில வராண்டாவுல நடக்க வச்சாங்க."

210-லிருந்து 184. ஜுரம் இல்லை, நடக்கிறார். அந்தத் தாளில் தடித்த எழுத்தில் இருந்தது 184. நல்ல செய்தியோ முந்தைய நாள் தாளில் இருந்த 210-ல்தான் இருந்தது. ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் 'அஞ்சுக்குள்ள' என்ற அளவு, வீட்டில் ஆரோக்கியமாக உட்கார்ந்திருப்பவருக்கானது. பெரிய அறுவை சிகிச்சை முடிந்து மூன்றாம் நாளில் இருப்பவருக்கு அந்த வரம்பு பொருந்தவே பொருந்தாது. கொரோனா நாட்களில் சிஆர்பி, ஐஎல்-6, டி-டைமர் என்று திருச்சியில் ஒவ்வொரு வீடும் கற்றுக்கொண்டது. அன்று கற்ற பயத்தை இங்கே கொண்டு வந்து பொருத்தக் கூடாது. அங்கே கிருமியால் வந்த நெருப்பு. இங்கே மருத்துவர் கத்தியால் வேண்டுமென்றே மூட்டி, அணையும் என்று காத்திருக்கிற நெருப்பு.

*

அறுவை சிகிச்சை நிபுணர் அந்த நாட்களில் உண்மையில் பயப்படுவது இணைப்புக் கசிவுக்கு. இரைப்பைக் குழாயின் மேல் முனைக்கு ரத்த ஓட்டம் குறைவு. அங்கேதான் தையல். அது சரியாக ஆறாவிட்டால் எச்சிலும் உணவும் கழுத்திலோ நெஞ்சுக்குள்ளோ கசியும். கழுத்தில் கசிந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். நெஞ்சுக்குள் கசிந்தால் உயிருக்கே ஆபத்து.

இங்கேதான் சிஆர்பி உதவுகிறது, ஆனால் ஒரு பக்கமாக மட்டும். மூன்றாம் நாளுக்கும் ஐந்தாம் நாளுக்கும் இடையில் லிட்டருக்கு 150 மில்லிகிராமை ஒட்டிய ஒரு எல்லையைப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குக் கீழே இறங்கிவிட்டால் கசிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம்பிக்கையோடு வாயில் திரவம் கொடுக்கலாம், வார்டுக்கு மாற்றலாம். மேலே இருந்தால் கசிவு என்று பொருளா? இல்லை. மேலே இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கசிவு இருக்காது. நிமோனியா இருக்கலாம், சிறுநீர்த் தொற்று இருக்கலாம், டிரிப் ஊசி போட்ட நரம்பு வீங்கியிருக்கலாம். எங்கே எரிகிறது என்று சிஆர்பிக்குத் தெரியாது. சிடி ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும்தான் அதைச் சொல்லும். 'இல்லை' என்று சொல்லும்போது இந்த டெஸ்ட்டை நம்பலாம். 'உண்டு' என்று சொல்லும்போது தேடச் சொல்கிறது, அவ்வளவுதான்.

எண் மீண்டும் ஏறுவதுதான் கவனிக்க வேண்டியது. நான்காம் நாள் இறங்கி, ஆறாம் நாள் ஏறினால் மருத்துவர் அலட்சியமாக இருக்க மாட்டார். அதோடு நாடித்துடிப்பு திடீரென்று தாறுமாறாக ஓடினால், மூச்சு வாங்கினால், டிரெயின் குழாயில் வரும் நீரின் நிறம் மாறினால், எண் வரும்வரை காத்திருக்கவும் மாட்டார்.

*

கூட வரும் மற்ற எண்கள்.

டோட்டல் கவுண்ட்: 11,000-ஐத் தாண்டும். மயக்க மருந்தோடு ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் கிருமி இல்லாமலேயே ஏறும். ஸ்டீராய்டு சிஆர்பியைச் சற்று அமுக்கவும் செய்யும். என்ன மருந்து போனது என்று தெரியாமல் இரண்டையும் படிக்கக் கூடாது.

நியூட்ரோஃபில், லிம்ஃபோசைட் விகிதம்: தனிச் செலவே இல்லை. சாதாரண ரத்த எண்ணிக்கைத் தாளிலேயே இரண்டும் இருக்கின்றன, வகுத்தால் போதும். இது குறைந்துகொண்டே வருவது நல்ல அறிகுறி.

புரோகால்சிடோனின்: பாக்டீரியாத் தொற்றை ஒட்டி ஏறுவது. சிஆர்பியைவிட வேகமாக ஏறி வேகமாக இறங்கும். விலை அதிகம். சிஆர்பி நிலைகுத்தி நிற்கும்போது கேட்கத் தகுந்தது. தினம் தினம் போடத் தேவையில்லை.

ஆல்புமின்: இது இறங்கும். "சாப்பாடு போதலையா?" என்று வீட்டார் தங்களையே நொந்துகொள்கிறார்கள். ஆல்புமினின் அரை ஆயுள் ஏறக்குறைய 20 நாள். இரண்டு நாள் பட்டினியில் அது விழாது. அழற்சியின்போது ரத்த நாளங்கள் கசிந்து அது திசுக்களுக்குள் போய்விடுகிறது, ஏற்றிய டிரிப்பும் நீர்க்கச் செய்கிறது. அறுவை சிகிச்சைக்கு முன்பே குறைவாக இருந்தால் விஷயம் வேறு. அது மாதக்கணக்கில் விழுங்க முடியாமல் இருந்ததன் கணக்கு.

ஒரு எச்சரிக்கை. சிஆர்பி கல்லீரலில் உற்பத்தியாவது. நாள்பட்ட குடியால் கல்லீரல் சுருங்கிப் போனவருக்குத் தொற்று இருந்தாலும் எண் போதிய அளவு ஏறாது. நம் ஊர் உணவுக்குழாய்ப் புற்றுநோயாளிகளில் புகை, வெற்றிலைப் புகையிலை, மது மூன்றும் பழகியவர்கள் உண்டு. குறைந்த எண்ணைப் பார்த்து அவர்கள் விஷயத்தில் நிம்மதி அடையக் கூடாது.

*

அலகு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஒரு ஆய்வகம் லிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும், இன்னொன்று டெசிலிட்டருக்கு மில்லிகிராம் என்று தரும். பத்து மடங்கு வித்தியாசம். டிஸ்சார்ஜ் தாளில் 12.4 என்று இருந்தது. ஊருக்கு வந்து இங்கே எடுத்தால் 62. "அஞ்சு மடங்கு ஏறிடுச்சு" என்று ஒரு குடும்பம் பேக் கட்டிக்கொண்டு திரும்பக் கிளம்பிவிட்டது. 12.4 என்பது டெசிலிட்டருக்கு, அதாவது லிட்டருக்கு 124. பாதியாகக் குறைந்திருக்கிறது.

எச்எஸ்-சிஆர்பி என்று ஒன்று இருக்கிறது. அது இதய நோய் அபாயத்தைக் கணிக்க, மிகச் சிறிய அளவுகளைப் பார்ப்பதற்கானது. சீட்டில் சிஆர்பி என்று இருந்தால் கவுண்டரில் அதையே கேளுங்கள்.

*

எண்களை விட்டு ஊருக்கு வருவோம். ஸ்ரீரங்கம் ரங்கநாதர் கோயிலுக்குள் தன்வந்திரிக்குச் சந்நிதி இருக்கிறது. கோயிலில் ஒரு ஆரோக்கியசாலை, அதாவது மருத்துவமனை, இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது. பதிமூன்றாம் நூற்றாண்டில் ஹொய்சாள மன்னன் இராமநாதன் காலத்தில் ஏற்பட்டது. பின்னால் படையெடுப்பில் அழிந்தது. சக ஆண்டு 1415-ல், அதாவது 1493-ல், கருடவாகன பட்டர் என்ற மருத்துவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார். கோவைக்கோ சென்னைக்கோ சிகிச்சைக்குக் கிளம்பும் முன் அந்தச் சந்நிதியில் நிற்கும் குடும்பங்களைப் பார்க்கிறேன். நோயாளி இருக்கும் ஊரிலேயே வைத்தியமும் இருக்க வேண்டும் என்ற எண்ணம் ஸ்ரீரங்கம் தீவில் அவ்வளவு பழையது. பெரிய அறுவை சிகிச்சை எங்கே நடந்தாலும், தேறி வரும் மாதங்கள் இங்கேதான் கழிகின்றன. திருச்சி புத்தூர் அரசு மருத்துவமனையிலோ அருகிலுள்ள மருத்துவரிடமோ தொடர்ந்து காட்ட ஒருவர் வேண்டும். அவரும் அறுவை செய்த நிபுணரும் பேசிக்கொள்ள வேண்டும். அந்தத் தொடர்பு பல வீடுகளில் இல்லை. வீட்டார்தான் நடுவில் தாளைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள். இது மாற வேண்டும்.

*

எண்களைவிடப் பெரிய வேலை செய்பவை.

மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி. "ஊதுங்க" என்று வீட்டார் சொல்கிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மெதுவாக இழுத்து, பந்து மேலே நிற்கும்படி பிடித்து, விட வேண்டும். அறுவை சிகிச்சைக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்க வேண்டும், புகையையும் அப்போதே விட வேண்டும்.

சிறுகுடலில் வைத்திருக்கும் குழாய். வாயால் போதிய அளவு சாப்பிடும்வரை அதுதான் துணை. வீட்டுக்கு வந்ததும் "இதை எப்ப எடுப்பாங்க?" என்று அவசரப்பட வேண்டாம். எடை குறைவது முதல் ஆறு மாதத்தில் பெரும்பாலும் நடக்கும். அந்தக் குழாய் அதைத் தடுக்கும் கைத்தாங்கல்.

சாப்பாடு. இரைப்பை இப்போது பை இல்லை, குழாய். ஒரு நாளில் ஆறு, எட்டு வேளை, ஒவ்வொரு வேளையும் சில வாய். குழைத்த ரசம் சாதம், நன்றாக மசித்த தயிர் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி. தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரை மணி விட்டுக் குடிக்க வேண்டும். பிரசாதமாக அக்காரவடிசல் வந்தால் ஆசைக்கு ஒரு வாய் மட்டும். வெல்லமும் நெய்யும் சேர்ந்து சிறுகுடலுக்குச் சட்டென்று இறங்கினால் வேர்க்கும், படபடக்கும், தலை சுற்றும். மாரடைப்போ என்று பதறி ஓடிய குடும்பங்கள் உண்டு. சாப்பிட்டு எத்தனை நிமிடத்தில் வந்தது என்று குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லுங்கள்.

படுக்கை. தலைப்பக்கம் உயர்ந்தே இருக்க வேண்டும், இது வாழ்நாள் முழுதும். சாப்பிட்டதும் குனிவது, படுப்பது இரண்டும் ஆகாது.

நடை. கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதியில் விடியற்காலையில் நடப்பவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். முதல் வாரம் ஒரு மூலை, பிறகு அடுத்த மூலை. ஒரு முழுச் சுற்று வந்தவரை எனக்குத் தெரியும். அந்த வாரம் அவர் சிஆர்பி எவ்வளவு என்று நான் கேட்கவும் இல்லை, அவர் எடுக்கவும் இல்லை.

*

ஒரு வேண்டுகோள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் வாங்கி வராதீர்கள். எடுத்த எல்லா ரத்தப் பரிசோதனைகளின் தாள்களையும், நாள்வாரியாகக் கேட்டு வாங்குங்கள். முதல் தாளின் மேலே அறுவை சிகிச்சை நடந்த தேதியைப் பெரிதாக எழுதி வையுங்கள். ஊரில் எடுக்கும் பரிசோதனைகளை ஒரே ஆய்வகத்தில், ஒரே அலகில் எடுங்கள். அறுவை செய்த குழுவின் தொலைபேசி எண்ணை வீட்டில் இருவர் வைத்திருங்கள். ஜுரம், மூச்சு வாங்குதல், கழுத்துக் காயத்தில் நீர் கசிதல், புதிதாக நெஞ்சு வலி, இவற்றில் எது வந்தாலும் ரத்தம் எடுத்து முடிவு வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம், உடனே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.